அறிவியாத திருத்தம்: விமானங்களை வழியனுப்பும் பணியிற் செய்தித் தொடர்பின் முறிவு

விமானமொன்று நிலத்தை விட்டெழுவதற்குச் சில மணி நேரத்துக்கு முன்னரே அதன் பயணம் தொடங்கிவிடுகின்றது. செல்லும் வழி யாது, எவ்வுயரத்திற் பறப்பது, எத்துணை எரிபொருள் கொள்வது, சேரிடத்து வானிலை கெடின் வேறெந்த நிலையத்தை நாடுவது என்பனவெல்லாம் நிலத்திலுள்ள ஓர் அலுவலகத்திற் கணிக்கப்பட்டு, தாளில் வடிக்கப்பட்டு, விமானியின் கையிற் சேர்க்கப்படுகின்றன. இப்பணியைச் செய்வோரை ஆங்கிலத்தில் டிஸ்பாச்சர் என்பர். தமிழில் வழியனுப்பும் அலுவலர் எனலாம். பயணிகள் அவரைக் காண்பதில்லை. அவருடைய பெயரையும் அறியார். எனினும் விமானியின் தீர்ப்பு எத்தரவுகளின்மேல் எழுகின்றதோ அவற்றுட் பெரும்பாலானவை அவர் மேசையிலிருந்தே புறப்படுகின்றன.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1938 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட குடிசார் வான்போக்குவரத்துச் சட்டத்தின் பின், இவ்வலுவலர் உரிமப்பத்திரம் பெற்றவராதல் வேண்டும் என்ற விதி உண்டாயிற்று. அந்நாட்டின் பயணிகள் விமான சேவைகளில் தலைமை விமானியும் வழியனுப்பும் அலுவலரும் ஒருங்கே இசைந்தாலன்றி விமானம் புறப்படலாகாது. ஒருவர் வானில், மற்றவர் நிலத்தில். பொறுப்போ இருவர்க்கும் ஒன்று. வேறு பல நாடுகளில் இப்பொறுப்பு இவ்வாறு சமமாகப் பகுக்கப்படவில்லை. ஆயினும் எந்நாட்டிலும் இப்பணிக்கு அடிப்படையாக நிற்பது ஒன்றே: நிலத்திலுள்ளோர் அறிந்ததை வானிற் செல்வோரும் அறிதல் வேண்டும், வானிற் செல்வோர் எதனை நம்பியிருக்கின்றனர் என்பதை நிலத்திலுள்ளோரும் அறிதல் வேண்டும். இவ்விரண்டனுட் பின்னையதே பெரும்பாலும் மறக்கப்படுவது.

பிழையான தரவு ஆபத்தை விளைக்கும் என்பது எவர்க்குந் தெரிந்ததே. சரியான தரவும் உரியவர்க்கு அறிவிக்கப்படாதவிடத்துக் கொல்லும் என்பது அத்துணை எளிதிற் புலப்படுவதன்று. விமான வரலாற்றில் இதனை ஐயத்துக்கிடமின்றிக் காட்டிய நிகழ்ச்சி 1979 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 28 ஆம் நாள் தென்முனைக் கண்டமாகிய அந்தாட்டிக்காவில் நேர்ந்தது.

எயர் நியூசிலாந்து நிறுவனம் 1977 ஆம் ஆண்டு பெப்ரவரி முதல் அந்தாட்டிக்காவைக் காட்டும் உல்லாசப் பயணங்களை நடத்திவந்தது. ஒக்லாந்திற் காலையிற் புறப்படும் விமானம் தெற்கே சென்று, பனிப்பரப்பின்மேல் வட்டமிட்டு, எங்கும் இறங்காது அன்றே நியூசிலாந்துக்கு மீளும். காட்சியின் உச்சம் றொஸ் தீவும், அதன்கண் 3,794 மீற்றர் உயர்ந்து நிற்கும் எரெபஸ் என்னும் எரிமலையுமாம். அத்தீவின் மேற்கே மக்மர்டோ நீரிணை என்ற அகன்ற கடற்பரப்பு உளது. அது பெரும்பாலும் உறைந்தே கிடக்கும். தீவின் தென்கோடியில் அமெரிக்கரின் மக்மர்டோ நிலையமும் நியூசிலாந்தவரின் ஸ்கொற் தளமும் அமைந்துள்ளன.

தொடக்கத்தில் வகுக்கப்பட்ட வழி எரெபஸ் மலைக்கு நேர்மேலாக, மிகவுயரத்தில், மக்மர்டோ நிலையத்தை நோக்கிச் சென்றது. 1978 ஆம் ஆண்டு செப்ரெம்பரில் இவ்வழி கணனியில் ஏற்றப்பட்டபோது, இறுதிப் புள்ளியின் நெட்டாங்கு கிழக்கு 166 பாகை 48 கலை எனப் பதியப்பட வேண்டியிருக்க, 164 பாகை 48 கலை எனப் பதியப்பட்டது. ஓர் இலக்கம் மாறியது. நில நடுக்கோட்டில் இரண்டு பாகை என்பது 120 கடல் மைல். முனைகளை அணுக அணுக நெடுங்கோடுகள் நெருங்கிவருதலின், அவ்விடத்தில் அது ஏறக்குறைய 25 மைலாகச் சுருங்கும். அச்சிறு வேறுபாடு போதியதாயிற்று. கணனி காட்டிய வழி மலையை விட்டு விலகி, மேற்கேயுள்ள நீரிணையின் நடுவாகச் சென்றது. இது தட்டெழுதியவரின் தவறே என்பது நிறுவனத்தின் வழிகாண் பிரிவினர் பின்னர் அளித்த சாட்சியம்.

இத்தவறு பதினான்கு மாதங்கள் திருத்தப்படாது கிடந்தது. எவருக்குந் தீங்கு விளையவில்லை. உண்மையை நோக்கின், தவறான அவ்வழியே சரியான வழியிலும் பாதுகாப்பானதாயிருந்தது. சமதளமான பனிக்கடலின்மேற் செல்லும் அவ்வழி, அப்பகுதியிற் பறக்கும் படைத்துறை விமானங்களின் வழியையும் ஒத்திருந்தது. நவம்பர் 9 ஆம் நாள், பின்னர் உயிரிழந்த தலைமை விமானி ஜிம் கொலின்சும் துணை விமானி கிறெக் கசினும் பயண விளக்க வகுப்பிற் கலந்துகொண்டபோது, முன்னைய பயணமொன்றின் கணனித் தாளே அவர்களுக்குக் காட்டப்பட்டது. அதில் இருந்ததும் நீரிணை வழியே. பயணத்துக்கு முந்திய இரவு கொலின்ஸ் தம் வீட்டிற் படங்களை விரித்து வழியைக் குறித்துப் பார்த்தார் என்று அவர் குடும்பத்தினர் விசாரணையிற் சாட்சியம் அளித்தனர்.

இனி, திருத்தம் எவ்வாறு வந்தது என்பது நோக்கத்தக்கது. நவம்பர் 14 ஆம் நாள் அந்தாட்டிக்கா சென்று மீண்ட மற்றொரு தலைமை விமானி, கணனியின் இறுதிப் புள்ளிக்கும் மக்மர்டோவிலுள்ள டக்கான் என்னும் வானொலி வழிகாட்டிக்கும் இடையே ஏறக்குறைய 27 மைல் வேறுபாடு இருத்தலைக் கண்டு, பிறர் அறிதல் நன்று எனக் கருதித் தெரிவித்தார். அவர் சொன்னது ஒன்று. கேட்டவர் கொண்டது வேறு. புள்ளியை வழிகாட்டி இருக்குமிடத்துக்குச் சற்றே நகர்த்துதல் நன்று என்ற ஆலோசனையாகவே அது விளங்கிக்கொள்ளப்பட்டது. செய்தி வழிகாண் பிரிவை அடைந்தபோது 27 மைல் என்ற எண் அதினின்றும் உதிர்ந்துபோயிற்று. கணனியில் உள்ளது 166 பாகை 48 கலை என்றே அப்பிரிவினர் நம்பியிருந்தனர். டக்கான் நிற்பது 166 பாகை 58 கலையில். எனவே வேறுபாடு பத்துக் கலை. மைலிற் சொன்னால் இரண்டுக்குச் சற்று மேல். இத்துணைச் சிறிய மாற்றத்தை விமானிகளுக்கு அறிவித்தல் வேண்டுமென எவருக்குந் தோன்றவில்லை. அவர்கள் கணக்கில் அது நியாயமே. ஆனால் கணனியில் உண்மையாக இருந்தது 164. ஆகவே புள்ளி நகர்ந்தது இரண்டு மைலன்று, இருபத்தேழு மைல். நீரிணையிலிருந்து வழி பெயர்ந்து மீண்டும் எரெபஸ் மலையின்மேற் சென்று படிந்தது.

இம்மாற்றம் நவம்பர் 28 ஆம் நாள் அதிகாலையில், விமானம் புறப்படுதற்கு ஏறக்குறைய ஆறரை மணி நேரத்துக்கு முன், செய்யப்பட்டது. காலையில் விமானிகளிடம் கொடுக்கப்பட்ட தாளில் இலக்கங்கள் மாறியிருந்தன. மாறின என்ற சொல் எங்கும் இல்லை. அவர்கள் அத்தாளிலிருந்த எண்களை ஒன்றும் விடாது விமானத்தின் வழிகாண் பொறியிற் பதித்தனர். பொறியும் பிழையின்றி அவ்வெண்களைப் பின்பற்றியது. அன்று மக்மர்டோவிலுள்ள அமெரிக்க நிலையத்துக்கு அனுப்பப்பட்ட பயணச் செய்தியில், முன்னர் நெட்டாங்கும் அகலாங்கும் இருந்தவிடத்தில் ‘மக்மர்டோ’ என்ற பெயர் மட்டுமே இருந்தது. மாற்றத்தைக் கண்டுகொள்ளத்தக்க நிலையிலிருந்த மற்றொரு வாசலும் இவ்வாறு அடைபட்டது. அது வேண்டுமென்றே மறைக்கப்பட்டது என விசாரணை நீதிபதி பின்னர் கருதினார். நிறுவனத்தார் அதனை மறுத்தனர்.

டீ. சீ. 10 வகையான அவ்விமானத்திற் பயணிகள் 237 பேரும் பணியாளர் 20 பேரும் இருந்தனர். றொஸ் தீவின் வடக்கே முகிலின் இடைவெளியொன்றைக் கண்டு, கொலின்ஸ் வட்டமிட்டுக் கீழே இறங்கினார். முகிலின் கீழ்க் காட்சி தெளிவாகவே இருந்தது. முன்னே தெரிந்தது லூவிஸ் விரிகுடா. அதன் இருபுறத்தும் இரு முனைகள் நின்றன. நீரிணை வழியில் இருப்பதாக நம்பியவர்க்கு அம்முனைகள் நீரிணையின் வாயிலில் நிற்கும் முனைகளாகவே தோன்றத்தக்கன. அதற்கப்பால் வெண்பனி மூடிய சரிவும் மேலே கவிந்த வெண்முகிலும் ஒன்றாய்க் கலந்து, மேடு பள்ளம் புலனாகாத வெண்மையாகியிருந்தன. அந்தாட்டிக்காவிற் பறந்து பழகியோர் அஞ்சும் இம்மயக்கத்தில் கண் பொய் சொல்வதில்லை, ஒன்றுமே சொல்வதில்லை. மக்மர்டோ நிலையத்துடன் குறுந்தொலைவு வானொலியிற் பேச விமானத்தார் முயன்றும் தொடர்பு உறுதிப்படவில்லை. அவ்வானொலி அலைகள் நேர்கோட்டிற் செல்வன. இடையே மலை நின்றது. அதனை மலை என அறிய அவர்களுக்கு ஏதுவில்லை. நிலம் அணுகுவதை எச்சரிக்கும் கருவி மோதலுக்கு ஏறக்குறைய ஆறு செக்கனுக்கு முன் ஒலித்தது. பிற்பகல் 12.49 மணியளவில், கடல் மட்டத்திலிருந்து 1,500 அடிக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில், விமானம் எரெபஸ் சரிவில் மோதியது. 257 பேரும் மாண்டனர்.

முதலில் வெளிவந்த அறிக்கை, விபத்துகளை ஆராயும் தலைமை அதிகாரி றொன் சிப்பின்டேல் 1980 ஆம் ஆண்டு யூனில் வெளியிட்டது. இடம் உறுதிப்படாத நிலையில், குறிக்கப்பட்ட தாழ்ந்த எல்லைக்குக் கீழே இறங்கிய விமானியின் முடிவே காரணம் என்றது அது. அவ்வாண்டிலேயே அமைக்கப்பட்ட அரச ஆணைக்குழுவின் தனி உறுப்பினராக இருந்த நீதியரசர் பீற்றர் மாஹன் 1981 ஆம் ஆண்டு ஏப்பிரலில் வேறு முடிவு கூறினார்: விமானத்தை மலையை நோக்கிச் செல்லுமாறு நிரற்படுத்திவிட்டு, அதனை விமானிகளுக்கு அறிவிக்காது விட்டதே தலையாய காரணம். நிறுவன அலுவலர்கள் சிலர் தம் முன் உண்மையை ஒளித்துக் கூட்டாகச் சாட்சியம் புனைந்தனர் என்றும் அவர் மிகக் கடிந்து எழுதினார். இவ்விரண்டாவது கூற்றை நியூசிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றமும், 1983 ஆம் ஆண்டு ஒக்டோபரில் இலண்டனிலுள்ள கோமறைக் கழகமும் ஏற்கவில்லை. சதி நடந்தமைக்குச் சான்று இல்லை என்றும், குற்றஞ் சாட்டப்பட்டோர்க்கு விடையளிக்க வாய்ப்புத் தரப்படவில்லை என்றும் தீர்ந்தது. இலங்கையின் வழக்குகளும் ஒருகால் இறுதியாகச் சென்றடைந்த மன்று அது. ஆயினும் விபத்தின் காரணம்பற்றி மாஹன் கண்ட முடிவு அத்தீர்ப்பினால் அழிக்கப்படவில்லை.

சிப்பின்டேல் கூற்று முழுதும் பொருந்தாதது என்று தள்ளுதல் நேர்மையாகாது. பாதுகாப்பான உயர எல்லை விதிகளில் எழுதப்பட்டிருந்தது உண்மை. விமானம் அதனிற் கீழே இறங்கியதும் உண்மை. ஆனால் முன்னைய பயணங்களிலும் விமானங்கள் தாழப் பறந்தன, காட்சி காண்போர் மகிழ்ந்தனர், அவை பத்திரிகைகளிலும் எழுதப்பட்டன என்பதும் விசாரணையில் வெளிவந்தது. இறங்குவதா என்ற வினாவை ஒரு விமானி எழுப்பும்போது, தான் எங்கிருக்கின்றேன் என்பதற்கு விடை அவனிடம் ஏற்கனவே உளது. அவ்விடையைத் தந்தவர்கள் நிலத்திலிருப்போர். தந்த விடையை இரவோடிரவாக மாற்றிவிட்டு, மாற்றியதைச் சொல்லாது, வினாவை மட்டும் அவன்மேற் சுமத்துதல் எவ்வகை நியாயம் என்ற மாஹனின் நோக்கே வலுவுடையது. மாஹன் 1986 ஆம் ஆண்டிற் காலமானார். அவர் அறிக்கை 1999 ஆம் ஆண்டிலேயே நியூசிலாந்துப் பாராளுமன்றத்திற் சமர்ப்பிக்கப்பட்டது. நிகழ்ச்சியின் நாற்பதாம் ஆண்டு நிறைவாகிய 2019 ஆம் ஆண்டு நவம்பர் 28 ஆம் நாள், பிரதமர் ஜசிந்தா ஆடேன் அரசின் சார்பில் மாண்டோர் குடும்பத்தினரிடம் மன்னிப்புக் கேட்டார். அப்போது மாண்ட விமானிகள் குற்றமற்றவர் என்ற சொல்லும் அரசின் வாயிலாக வெளிப்பட்டது.

எரெபசில் மாற்றம் அறிவிக்கப்படவில்லை. இதனின் வேறான முறிவொன்று 1983 ஆம் ஆண்டு யூலை 23 ஆம் நாள் கனடாவில் நேர்ந்தது. அங்கே அறிவிப்பு இருந்தது, அதனை இன்னாரே கணித்தல் வேண்டும் என்ற வரையறை இல்லாதிருந்தது. எயர் கனடா நிறுவனம் போயிங் 767 வகையைப் புதிதாக வாங்கியிருந்த காலம். அவ்விமானத்தின் எரிபொருள் கிலோகிராமில் அளக்கப்பட்டது. நிறுவனத்தின் ஏனைய விமானங்களில் இறாத்தலே வழக்கு. மொன்றியலில் எரிபொருள் மானிகள் பழுதுற்றிருந்தமையால், தாங்கியில் இருந்த அளவைக் கோலிட்டுப் பார்த்தனர்: 7,682 லீற்றர். எட்மன்ரன் வரை செல்ல 22,300 கிலோகிராம் வேண்டும். லீற்றரைக் கிலோகிராமாக்க ஏறக்குறைய 0.8 ஆற் பெருக்குதல் வேண்டும், அவர்கள் 1.77 ஆற் பெருக்கினர். அது லீற்றரை இறாத்தலாக்கும் எண். எரிபொருள் வண்டியின் தாளில் வழக்கமாக இருந்ததும் அவ்வெண்ணே. கணக்கு முடிந்தபோது 20,000 லீற்றருக்கு மேல் ஏற்றவேண்டியவிடத்து 4,916 லீற்றர் மட்டும் ஏற்றப்பட்டது. விமானத்தில் 22,300 இருந்தது உண்மையே, கிலோகிராமன்று, இறாத்தல்.

பழைய விமானங்களில் இக்கணக்கைப் பார்த்தவர் மூன்றாவதாக அமர்ந்திருந்த பறப்புப் பொறியியலாளர். புதிய விமானத்தில் அவர் ஆசனம் நீக்கப்பட்டது. அவர் செய்த கணக்கு யாரைச் சேரும் என்பது தெளிவாக வகுக்கப்படவில்லை. விமானிகள் நிலப் பணியாளர் செய்வர் என்றிருந்தனர். நிலப் பணியாளர்க்கோ அதற்கான பயிற்சி இல்லை. எண் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறிக்கொண்டேயிருந்தது. அதன் அலகைக் கேட்டவர் இலர். 41,000 அடி உயரத்திற் பறக்கையில் எரிபொருள் தீரத் தொடங்கி, ஒன்றன்பின் ஒன்றாக இரு பொறிகளும் நின்றன. தலைமை விமானி பொப் பியர்சன் காற்றில் மிதக்கும் ஊர்திகளைச் செலுத்திப் பழகியவராதலின், கிம்லி என்னுமிடத்திலிருந்த கைவிடப்பட்ட விமானப்படைத் தளத்தில் அதனை மிதந்திறக்கினார். 69 பேரும் உயிர் தப்பினர். நற்பேறு இவ்வாறு குறுக்கிடாதிருந்தால் இந்நிகழ்ச்சி இன்று நகைச்சுவையாக நினைவுகூரப்பட்டிராது.

நிலத்திலிருப்போர் சொல்லாமை ஒருபுறமிருக்க, வானிலிருப்போர் கேளாமையும் உண்டு. 1990 ஆம் ஆண்டு சனவரி 25 ஆம் நாள் கொலம்பியாவிலிருந்து நியூ யோர்க் சென்ற அவியாங்கா நிறுவனத்தின் போயிங் 707 விமானம், மோசமான வானிலையால் மூன்று இடங்களில் மொத்தம் ஒரு மணி பதினேழு நிமிடம் வானிற் சுற்றுமாறு பணிக்கப்பட்டது. மாற்று நிலையமாகிய பொஸ்ரனுக்குச் செல்லவும் எரிபொருள் போதாத நிலை வந்தது. துணை விமானி ‘முன்னுரிமை’ வேண்டினார். ‘அவசரநிலை’ என்ற சொல்லை அவர் உரைக்கவில்லை. கட்டுப்பாட்டாளர்க்கு இவ்விரு சொல்லும் ஒன்றல்ல. லோங் தீவில் எரிபொருள் தீர்ந்து விமானம் வீழ 158 பேரில் 73 பேர் இறந்தனர். இச்சொற் பிணக்கே பெரிதும் பேசப்படுகின்றது. ஆனால் அமெரிக்கத் தேசிய போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை மற்றொன்றையும் துணைக் காரணமாகக் குறித்தது: நிலத்திலிருந்து துணைசெய்யத்தக்க வழியனுப்பும் அமைப்பை விமானிகள் அப்பயணத்திற் பயன்படுத்தவில்லை. வானிலையையும் நெரிசலையும் கண்டு, இன்னுஞ் சுற்றாதே, இப்போதே திரும்பு எனச் சொல்லத்தக்க ஒரு குரல் அவ்விமானத்தோடு இணைக்கப்படாதிருந்தது.

இந்நிகழ்ச்சிகளுக்குப் பின்னர் கருவிகள் பெருகின. நிலத்திலுள்ள அலுவலகத்துக்கும் விமானத்துக்குமிடையே எழுத்துச் செய்திகள் இன்று கணப்பொழுதிற் செல்கின்றன. வழிகாண் பொறிகளில் நிலத்தின் மேடு பள்ளம் படமாகவே பதிந்துள்ளது. செய்தி செல்லுதற்கு வேண்டியன பெருகின என்பதில் ஐயமில்லை. சென்ற செய்தியை மறுத்துரைக்கும் உரிமை எவர்க்கு உண்டு என்ற வினா வேறு.

எரெபஸ் நிகழ்ச்சிக்குச் சரியாக முப்பத்தேழு ஆண்டுகளின் பின், 2016 ஆம் ஆண்டு நவம்பர் 28 ஆம் நாள், பொலிவியாவின் சாந்தா குறூசிலிருந்து கொலம்பியாவின் மெடலினுக்குச் செல்லவிருந்த லாமியா நிறுவனத்தின் விமானத்துக்கான பயணத் திட்டத்தை வழியனுப்பும் அலுவலர் விமான நிலைய அலுவலகத்திற் சமர்ப்பித்தார். பயணத்துக்கு வேண்டும் நேரம் நான்கு மணி இருபத்திரண்டு நிமிடம் என்றிருந்தது. எரிபொருள் தாங்கும் நேரம் என்றவிடத்திலும் நான்கு மணி இருபத்திரண்டு நிமிடமே எழுதப்பட்டிருந்தது. சேமிப்பாக ஒரு நிமிடமும் இல்லை. தாளைப் பெற்ற அலுவலர் இதனைச் சுட்டிக்காட்டினார். தலைமை விமானி போதும் என்றார், அதனினும் விரைவாகப் போய்ச் சேர்வோம் என்ற விடை கிடைத்தது. விமானம் புறப்பட்டது. பிறேசிலின் சப்பெகோயென்ஸ் உதைபந்தாட்ட அணியினரைச் சுமந்து சென்ற அவ்விமானம், மெடலின் நிலையத்தை அணுகுகையில் எரிபொருள் தீர்ந்து மலையில் வீழ்ந்தது. 77 பேரில் 71 பேர் இறந்தனர். விடை கூறிய வழியனுப்பும் அலுவலரும் அவ்விமானத்திற் சென்று இறந்தார். ஆட்சேபம் கூறிய அலுவலரோ பின்னர் தம் நாட்டிற் குற்றச்சாட்டுக்கு உள்ளாகி, பிறேசிலிற் புகலிடம் நாடினார்.